ஆற்றுணா: பள்ளிச் சோறும் அதைக் கட்டிய கையும்

பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா உண்டு. நன்கு கற்றவருக்கு எந்த நாடும் அயல்நாடு அன்று, ஆகவே அவர் வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வழியில் உண்பதற்காக எடுத்துச் செல்லும் உணவை அந்நூல் ஆற்றுணா என்கிறது. ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. அழகிய சொல், வழக்கொழிந்து போயிற்று. பின்வந்த பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு ஆகியவற்றுள் கட்டுச்சோறு மட்டுமே இன்றும் நம் பேச்சில் உயிரோடிருக்கிறது. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடும் நீர்வேட்கையோடும் நடந்து வந்த அப்பருக்குச் சிவபெருமான் மறையவர் வடிவில் வந்து பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறும். இறைவனே சோறு கட்டிவந்து கொடுத்த கதையைப் போற்றுகிற நாம், அன்றாடம் நமக்குச் சோறு கட்டிய மனிதக் கைகளைப் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை.

கற்றவருக்கு ஆற்றுணா வேண்டாம், சரி. கற்கப் போகிற பிள்ளைக்கு?

சிறு பிள்ளைகளுக்குத் தம் மதிய உணவைத் தாமே கட்டிக்கொள்ளப் பழக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளைக்குப் பொறுப்பு வரும், உணவை வீணாக்க மாட்டான், தாய்க்குச் சுமை குறையும் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. எனக்கு இக்கருத்தோடு மாறுபாடு இல்லை. ஆனால் இது நேற்று முளைத்த வீட்டு யோசனை மட்டும் அன்று. பள்ளிப்பிள்ளையின் சோற்றுக்குத் தமிழகத்தில் நூறாண்டைக் கடந்த வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பசியும் சாதியும் பெண்ணின் உழைப்பும் பின்னிக் கிடக்கின்றன. அதை அறியாமல் பிள்ளையின் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டால், பாதிப் பாடத்தைத்தான் கொடுத்தவர்களாவோம்.

தூக்குப்போசி

சூரமங்கலம் ரயிலால் வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து மேற்கே நீண்ட இருப்புப்பாதை 1861இல் சேலத்தைத் தொட்டபோது, நிலையம் நகரத்துக்குள் அமையவில்லை. மேற்கே சில கல் தொலைவில் சூரமங்கலத்தில் அமைந்தது. இன்றும் சேலம் சந்திப்பு என்று பயணச்சீட்டில் அச்சாகும் இடம் சூரமங்கலம்தான். தனி நகராட்சியாக இருந்த அவ்வூர், 1994இல் சேலம் மாநகராட்சி உருவானபோது அதன் ஒரு மண்டலமாயிற்று.

என் தந்தையார் அங்கே ரயில்வேயில் கடைநிலைப் பணியாளர். விடியுமுன் வேலைக்குப் புறப்படும்போது அவர் கையில் ஒரு தூக்குப்போசி தொங்கும். மற்ற பகுதிகளில் தூக்குவாளி, தூக்குச்சட்டி என்று சொல்வதைக் கொங்குப் பக்கத்தில் தூக்குப்போசி என்போம். என்னுடையது அதனினும் சிறியது, அலுமினியத்தால் ஆனது, மூடியில் நசுங்கல் விழுந்தது. 1970களின் பிற்பகுதியில் அதைத் தூக்கிக்கொண்டு தண்டவாள ஓரமாகப் பள்ளிக்கு நடந்தேன். பெரும்பாலும் மோர் ஊற்றிப் பிசைந்த சோறு, ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். சில நாள் கம்மஞ்சோறு. அதைக் கட்டித் தந்தவள் என் அக்கா. அவளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மதியச் சோற்றைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அன்று. திண்ணைப் பள்ளி, பிள்ளையின் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருந்தது. வெயில் ஏறினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினார்கள். காலையில் மணியடித்துத் தொடங்கி மாலையில் மணியடித்து முடியும் பள்ளிகள், தொலைவிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் பள்ளிகள், ஆங்கில ஆட்சிக் காலத்தில் பெருகிய பிறகே மதியச் சோறு என்பது தீர்க்கப்பட வேண்டிய ஒரு சிக்கலாயிற்று. ஆற்றுணா மீண்டும் தேவைப்பட்டது, இம்முறை குழந்தைகளுக்கு.

அதற்குப் பாத்திரம் வேண்டும். பித்தளை கனமானது, விலையும் மிகுதி. மேலும் மோரும் புளியும் பித்தளையோடு சேர்ந்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசாத பித்தளையில் மோர்ச்சோற்றை மதியம் வரை வைக்க முடியாது. இந்நிலையில்தான் அலுமினியம் வந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நன்றாக ஓடிய அத்தொழில் 1903இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூசத் தேவையில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு பாத்திரம் தொங்க முடிந்ததற்கு இந்த உலோகம் பெரிதும் காரணம்.

சேலத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினிய ஆலை ஒன்று 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் உருக்குப் பிரிவு 2008இல் நிறுத்தப்பட்டது. சூரமங்கலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை 1981இல் துருவேறா எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது. மக்கள் எவர்சில்வர் என்றே அழைத்த அந்த உலோகத்தில் புளியும் மோரும் ஒன்றும் செய்யா. நசுங்காது, கறுக்காது, தேய்த்தால் பளபளக்கும். எங்கள் பகுதியில் கல்யாணச் சீர் முதல் டிபன் பாக்ஸ் வரை எல்லாம் மெல்ல மெல்ல எவர்சில்வருக்கு மாறியதை நான் கண்முன் பார்த்திருக்கிறேன். மதிய மணி அடித்ததும் யார் கையில் எவர்சில்வர், யார் கையில் அலுமினியம், யார் கையில் ஒன்றுமில்லை என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

கட்டுவதற்குச் சோறில்லாதவர்கள்

கையில் ஒன்றுமில்லாத பிள்ளைகளைப் பற்றி முதலில் அதிகாரப்பூர்வமாகக் கவலைப்பட்டது சென்னை மாநகராட்சி. பிட்டி தியாகராயர் தலைமையில் 1920 செப்டம்பர் 16 அன்று கூடிய மாமன்றம், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்பது முடிவு. பிள்ளைகளின் வறுமை பள்ளியின் வருகைப் பதிவைப் பாதிக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிவாயிற்று. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1671ஆக உயர்ந்தது. சோற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாள் திட்டம் நின்றது. சில ஆண்டுகளில் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது.

அதன் பிறகு 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முன்முயற்சியோடு, மதிய உணவு மாநிலத் திட்டமாக வளர்ந்தது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிய அம்முயற்சியில் ஊராரின் கொடையே முதல் மூலதனம். பின்னர் அரசு மானியம் வந்தது. ஓர் உணவுக்குப் பத்துப் பைசா, அதில் ஆறு அரசுடையது, நான்கு ஊருடையது என்பது கணக்கு. 1961இல் கேர் நிறுவனத்தின் பால்மாவும் எண்ணெயும் தானியமும் சேர்ந்தன. எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் பலர், பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே கோதுமை உப்புமாவின் வாசனையை நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது பெரிய அடி 1982 ஜூலை முதல் நாள் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். முதலில் ஊர்ப்புறங்களில், அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களில், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கு என்று அது விரிந்தது. ஏறத்தாழ அறுபது லட்சம் பிள்ளைகளின் வயிற்றை நாள்தோறும் நிரப்பும் அளவுக்கு வளர்ந்த அத்திட்டத்தைப் பொருளியலாளர் பலர் தொடக்கத்தில் வீண்செலவு என்று எள்ளினர். இந்தியாவின் மற்ற மாநிலங்களுக்குச் சமைத்த உணவைக் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்ற ஆணை 2001 நவம்பரில்தான் வந்தது.

முட்டையின் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தட்டில் விழுந்த முட்டை, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்றாயிற்று. 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளுக்கும் தமிழகத்துப் பள்ளித் தட்டுகளுக்கும் இவ்வாறு ஓர் உறவு ஏற்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. இன்று அப்பள்ளிகளில் படிக்கும் ஒரு பிள்ளை வெறும் வயிற்றோடு வந்தாலும் வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டியதில்லை.

சத்துணவு வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். என் தெருவின் சிறு பிள்ளைகள் அலுமினியத் தட்டைப் பைக்குள் செருகிக்கொண்டும், சில நேரம் தலையில் கவிழ்த்துக்கொண்டும் ஓடுவார்கள். சோறு அரசுடையது, தட்டு மட்டும் வீட்டுடையது. உண்டு முடித்ததும் குழாயடியில் வரிசை கட்டி நின்று அவரவர் தட்டை அவரவரே கழுவிக் கொள்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் கழுவுவான், பையனும் கழுவுவான். டிபன் பாக்ஸைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையின் முன்னால் வைக்கிற எங்களைவிட அவர்கள் ஒரு பாடம் முன்னால் இருந்தார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

தனிச் சோறும் பொதுச் சோறும்

வீட்டிலிருந்து கட்டிவரும் சோற்றில் இன்னொரு பொருளும் மறைந்திருந்தது. வீட்டு அடுப்பின் எல்லையை அது பள்ளி வரை நீட்டியது. அவரவர் வீட்டுச் சோற்றை அவரவர் உண்டால், யார் சமைத்ததை யார் தொட்டார்கள் என்ற கேள்வி எழாது. சாதி தன் வேலியைப் போசிக்குள் போட்டு மூடிக்கொண்டு பள்ளிக்கு வந்தது என்றே சொல்லலாம்.

பொதுவில் உண்ண நேர்ந்த இடங்களிலெல்லாம் வேலி வெளியே தெரிந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்ற செய்தி 1924-25இல் தமிழக அரசியலையே உலுக்கியது. அதை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான பி. வரதராஜுலு நாயுடு, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இராசிபுரத்தில் பிறந்தவர். அதே 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் உடன் வாழ்ந்தனர். சுற்றுப்புறத்து மேல்சாதியார் அதனை எதிர்த்தனர். நூறாண்டு கழிந்த கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2018இல் அவிநாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று சில பெற்றோர் தடுத்தனர்.

ஆகவே, பிள்ளைகள் எல்லோரும் தத்தம் சோற்றைத் தாமே கட்டிவரட்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே அண்டாவிலிருந்து ஒரே அகப்பையால் எல்லாத் தட்டிலும் விழுந்த சோறு, இந்த நாட்டில் பல பாடப்புத்தகங்கள் செய்யாத வேலையைச் செய்திருக்கிறது. அதைக் கைவிட்டுத் தனித்தனிப் பெட்டிக்குத் திரும்புவது முன்னேற்றம் ஆகாது.

கைத்தொழிலின் கசப்பு

பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்துக் கற்பிப்பது என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்டது. சேவாகிராமப் பள்ளியில் துப்புரவும் சமையலும் பாடத்தின் பகுதியாகவே நடந்தன. அக்கல்வியைப் பல்லாண்டு நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர் என்பதை இங்கே நினைவுகூரலாம். தானியத்தை அளக்கும்போது கணக்கு, கிணற்று நீரைப் பற்றிப் பேசும்போது உடல்நலம், பயிரைப் பற்றிப் பேசும்போது நிலவியல் என்று ஒரு வேளைச் சோற்றைச் சுற்றியே பள்ளிப் பாடத்தை அமைக்கலாம் என்பது அவர்களது நம்பிக்கை.

தமிழகத்தில் இவ்வெண்ணம் வேர்பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் 1953இல் நிகழ்ந்தது. அன்றைய முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றுக் கல்வித் திட்டத்தின்படி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருந்தால் போதும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் போதாத நிலையில் இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்க வழி இது என்பது அவர் தரப்பு. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தது திராவிட இயக்கம். குயவர் பிள்ளை குயவராகவும் வண்ணார் பிள்ளை வண்ணாராகவும் ஆவதற்குப் பள்ளி எதற்கு என்ற கேள்விக்கு விடையில்லை. 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

புதுப்பாளையத்தில் கையுழைப்பு, பிறப்பின் மேட்டிமையைக் குறைக்கும் கருவியாக இருந்தது. 1953இன் திட்டத்தில் அதே கையுழைப்பு, பிறப்போடு மனிதனைக் கட்டிவைக்கும் கயிறாகத் தோன்றியது. வேலை ஒன்றே, யாருக்கு விதிக்கப்படுகிறது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. ஏற்கெனவே வேலை செய்கிற பிள்ளைக்கு வேலையைப் பாடமாக்குவது கொடுமை. எந்த வேலையும் செய்யாமல் உண்ணுகிற பிள்ளைக்கு அதே வேலையைப் பாடமாக்குவது நீதி.

அக்கா

இனி அக்காவைப் பற்றி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளி தொலைவு என்பது வீட்டில் சொல்லப்பட்ட காரணம். அம்மா விடியலில் கூலி வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் ஆள் வேண்டும் என்பது சொல்லப்படாத காரணம். அப்பாவுக்கொரு போசி, அம்மாவுக்கொரு போசி, எனக்கும் தம்பிக்கும் இரண்டு. நான்கு போசிகளையும் கட்டி அனுப்பிவிட்டு, கடைசியாகச் சட்டியின் அடியில் இருப்பதைத் தின்றாள். பத்து வயதிலேயே அவளுக்குச் சோறு கட்டத் தெரியும். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை. பொறுப்புணர்வு என்று பாராட்டவும் இல்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தவை சிறிய விஷயங்கள் அல்ல. சுடுசோற்றை உடனே மூடினால் ஆவி நீராகி இறங்கிச் சோறு நசநசத்துப் புளித்துவிடும், ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். கோடையில் தயிரை நிறைய ஊற்றினால் மதியத்துக்குள் வாய் கூசும். பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால், அது போகிற வழியிலேயே பதமாகத் தோய்ந்துவிடும். அலுமினியப் போசியில் புளிச்சோறு கட்டக் கூடாது, வாழையிலை வைத்துக் கட்டலாம். யாருக்கு எவ்வளவு பிடிக்கும், யார் எவ்வளவு மிச்சம் வைப்பார்கள் என்ற கணக்கு அவள் கையிலேயே இருந்தது. எனக்கோ பத்தொன்பதாம் வயதில் வெளியூரில் அறை எடுத்துத் தங்கியபோது, ஒருவருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. முதல்நாள் நான் வடித்த சோற்றை நான்கு பேர் உண்டிருக்கலாம். பட்டப்படிப்புக்குச் சேர்ந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள்.

அதனால்தான், பிள்ளைகளுக்குச் சோறு கட்டப் பழக்க வேண்டும் என்று யாரேனும் சொல்லும்போது எந்தப் பிள்ளைக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. தமிழகத்துப் பெண்பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இதைக் கற்றே வளர்ந்தார்கள். அவர்கள் கற்றதற்கு விலையாகப் பலருக்குப் பள்ளி போயிற்று. 1982இன் சத்துணவு பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டது என்றே நாம் எழுதுகிறோம். காலையில் தம்பிக்குச் சோறு கட்ட வேண்டியிருந்த எத்தனையோ அக்காக்களின் கையை அது சற்றே விடுவித்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அம்மையங்களில் அமைப்பாளராகவும் சமையலராகவும் உதவியாளராகவும் பெண்கள், அதிலும் கைம்பெண்களும் ஆதரவற்றவர்களும், வேலை பெற்றனர். சோறாக்கும் கைக்கு முதன்முறையாக அரசு சம்பளம் கொடுத்தது. குறைந்த சம்பளம்தான் என்றாலும்.

ஜப்பானில் ஓர் ஊர்

நம் கதைக்கு இணையான ஒன்று ஜப்பானில் நடந்திருக்கிறது. அங்கே பள்ளி உணவின் தொடக்கமாக 1889ஐச் சொல்வார்கள். யமகதா பகுதியிலுள்ள த்சுருஒகா என்னும் ஊரில், பௌத்த ஆலய வளாகத்தில் இயங்கிய பள்ளி ஒன்றில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். 1954இல் பள்ளி உணவுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே முறைவைத்து வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து தம் வகுப்புக்குப் பரிமாறுகிறார்கள். உண்ட பின் தாங்களே துடைத்து ஒழுங்குபடுத்துகிறார்கள்.

பசி தீர்ந்து, பரிமாறவும் கற்ற அந்நாட்டில், 2001இல் ககாவா பகுதியின் தகினோமியா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் தகெஷிதா கஸுஒ ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஜப்பானியர் பெண்டோ என்று அழைக்கும் கட்டுச்சோற்றைக் குறிப்பிட்ட நாளில் பிள்ளைகள் தாங்களே சமைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். விதிகள் மூன்று. பெற்றோர் உதவக் கூடாது. ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை. ஐந்தாம் வகுப்பில் மனையியல் பாடம் தொடங்குவதால், முதல் பருவத்தில் அடிப்படைகளைக் கற்ற பின்னரே பிள்ளைகள் அடுப்பருகே செல்வார்கள். கத்தியும் நெருப்பும் குறித்த அச்சம் பெரியவர்களுக்கு இருந்தது; பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொல்லி அவர் தொடங்கினார். பின்னர் நாடெங்கும் பல பள்ளிகள் அதைப் பின்பற்றின. உணவுக் கல்விக்கான அடிப்படைச் சட்டத்தை ஜப்பான் 2005இல் இயற்றியது.

இந்த வரிசை கவனிக்கத் தக்கது. முதலில் பசித்தவனுக்குச் சோறு. அடுத்து எல்லோருக்கும் ஒரே சோறு. அதன்பின் பரிமாறக் கற்றல். கடைசியில்தான் தானே கட்டிவருதல், அதுவும் மாதத்தில் ஒருநாள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக. தகினோமியாவின் கட்டுச்சோற்று நாள் பொது உணவை நீக்கவில்லை. அதன் மீது நின்றது.

நம் வரிசை

தமிழகத்தில் முதலிரண்டு படிகளையும் நாம் ஏறியிருக்கிறோம். நூறாண்டு பிடித்தது. மூன்றாவது படியின் தொடக்கம் குழாயடியில் தட்டுக் கழுவிய வரிசையில் இருந்தது. நான்காவது படியை இப்போது பேசலாம். ஆனால் அதைத் தொடங்க வேண்டிய இடம் அரசுப் பள்ளி அன்று. சோறு உறுதியாக இருக்கும் நம்மைப் போன்றவர்களின் வீடு. அங்கும் பையனிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து வயதில் மூடியைத் திறக்கவும் மூடவும் தெரிந்தால் போதும்; வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஏழு வயதில் தன் வயிற்றுக்கு எவ்வளவு என்று அளந்து போட்டுக்கொள்ளட்டும். மிச்சம் வந்தால் அடுத்த நாள் குறைத்துப் போடட்டும். இந்தக் கணக்கை எந்த ஆசிரியரும் கற்பிக்க முடியாது, வயிறுதான் கற்பிக்கும். பத்து வயதில் ஆற வைக்கவும் பிசையவும் தெரிய வேண்டும். பெரியவர் பக்கத்தில் நிற்கத் தாளிக்கவும் பழகலாம். தனக்குக் கட்டப் பழகிய பின், வாரத்தில் ஒருநாள் தனக்கு மட்டுமின்றி அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டட்டும். அப்போதுதான் ஒரு போசிக்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். பகிர்ந்து உண்ண ஒரு பிடி கூடுதலாக வைக்கவும் மறக்கக் கூடாது. பெட்டி வேலியாகிவிடாமல் காப்பது அந்தக் கூடுதல் பிடிதான்.

சென்ற ஆண்டு சூரமங்கலம் போயிருந்தேன். அக்கா இப்போது தன் பேரனோடு அங்கேதான் இருக்கிறாள். பேரனுக்கு எட்டு வயது. காலையில் அவன் அடுப்படியில் நின்று எலுமிச்சைச் சோற்றைத் தன் எவர்சில்வர் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பாதி மேடையில் சிந்திற்று. நான் உதவப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விடுப்பா, அவனே போட்டுக்கட்டும். உனக்குப் போட்டுக் குடுத்து நான் பண்ணுன தப்பு போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பேரன் சோறு ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தினான். சிந்திய பருக்கைகளைப் பொறுக்கி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பையைத் தூக்கினான். மேடையைத் துடைக்கும் துணியை அக்கா எடுத்து என்னிடம் நீட்டினாள்.